மருமகன் போட்ட மூன்று கூட்டம், மறுநாள் வேறு மூன்று

கேள்வி: 04-02-2025, காலை

பிஸ்கட், சோப்பு ஏஜென்சி நடத்துகிறேன். 340 கடை, இரண்டு வண்டி. எல்லாக் கடைக்கும் வாரம் இரண்டு நடை போனால் டீசலுக்கே கட்டவில்லை. எதற்கு இரண்டு நடை, எதற்கு ஒரு நடை, யாருக்குக் கடன் தரலாம் என்று முடிவு செய்ய வேண்டும். காலேஜில் படிக்கும் மருமகன், "மாமா, கிளஸ்டரிங் போட்டால் கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்துவிடும்" என்றான். முந்தாநாள் போட்டான், மூன்று கூட்டம் வந்தது. நேற்று அதே கணக்கை மறுபடி ஓட்டினான், வேறு மூன்று கூட்டம். முதல் கூட்டத்தில் இருந்த கடை மூன்றாவதில் போய் உட்கார்ந்திருக்கிறது. இது கணக்கா, கிளி ஜோசியமா?

04-02-2025, இரவு

கணக்குத்தான். ஆனால் கிளி எந்த மூலையிலிருந்து புறப்படுகிறது என்பதைப் பொறுத்து சீட்டு மாறும்.

மருமகன் போட்டது கே-மீன்ஸாக இருக்கும். மைதானத்தில் 340 பேர் நிற்கிறார்கள், மூன்று குடையைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கோ நடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அவரவருக்குப் பக்கத்தில் உள்ள குடைக்குப் போகிறார்கள். குடையைப் பிடுங்கி, வந்தவர்களின் நட்டநடுவில் மறுபடி நடுகிறீர்கள். இப்போது சிலருக்கு வேறு குடை பக்கமாகிவிடும், மாறுவார்கள். திரும்பக் குடையை நகர்த்த வேண்டும். யாரும் மாறாத நிலை வரும்வரை இதேதான். ஆரம்பத்தில் குடை விழுந்த இடம் மாறினால் முடிவும் மாறலாம். 1957-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் இதைப் போட்டது கடைகளைப் பிரிக்க இல்லை. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் வேலைக்கு. அச்சில் வந்தது 1982-இல்தான். அதற்குள் 1967-இல் மெக்வீன் 'கே-மீன்ஸ்' என்று பேர் வைத்து, பேர் நிலைத்தும் விட்டது.

மருமகனிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: எத்தனை முறை ஓட்டினான்? சைகிட்-லேர்ன் (இந்தக் கணக்கைப் போட அவன் எடுத்திருக்கக்கூடிய இலவச மென்பொருள்) முன்பெல்லாம் தானாகப் பத்து முறை வெவ்வேறு இடத்தில் தொடங்கிப் பார்த்து, அதில் நல்லதைக் கொடுக்கும். 1.4 பதிப்பிலிருந்து நாமாகச் சொல்லாவிட்டால் ஒரே முறைதான். இருபது, முப்பது முறை ஓட்டச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

05-02-2025, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். மாறியது ஆளா, பேரா? கூட்டத்துக்கு 0, 1, 2 என்று வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. முந்தாநாள் 0 என்று வந்த அதே கடைகள் நேற்று 2 என்று வந்திருக்கலாம். கூட்டம் அப்படியே இருக்கும், பலகையை மட்டும் மாற்றி மாட்டியிருக்கும். இரண்டு நாள் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, முந்தாநாள் சேர்ந்திருந்த கடைகள் நேற்றும் சேர்ந்துதான் இருக்கின்றனவா என்று பாருங்கள். நானே முதல் தடவை இதில் ஏமாந்து அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

05-02-2025, மதியம்

எங்கள் கதையைச் சொன்னால் உங்களுக்கு ஆறு மாதம் மிச்சம். மதுரையில் சித்தப்பா ஏஜென்சி, மூன்று குட்டி யானை, நானூற்றுச் சொச்சம் கடை. கணக்கு வழக்கு நான்.

டேலி கணக்கு மென்பொருளிலிருந்து மூன்று கலம் (நெடுவரிசை) எடுத்தேன்: மாத விற்பனை ரூபாயில், மாதத்துக்கு எத்தனை பில், பணம் வர எத்தனை நாள். அப்படியே கே-மீன்ஸில் கொட்டினேன். வந்த மூன்று கூட்டம்: பெரிய கடை, நடுத்தரக் கடை, சின்னக் கடை. சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏண்டா, இதை டேலியில வரிசைப்படுத்தினாலே வருமே. இதுக்கா மூணு நாள் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்த?"

அவர் சொன்னது சரிதான். ஒரு கலத்தில் 80,000, இன்னொன்றில் 21. தூரம் கணக்குப் போடும்போது எண்பதாயிரத்துக்குப் பக்கத்தில் இருபத்தொன்று கொசு. பணம் வரும் நாளும் பில் எண்ணிக்கையும் கூட்டத்தில் இருந்தன, ஓட்டுரிமைதான் இல்லை. எல்லாக் கலத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வந்த பிறகுதான் வேறு மாதிரிக் கூட்டம் வந்தது. விற்பனைக்கு லாக் (மடக்கை) எடுத்தேன், ராட்சத எண்கள் சுருங்கிவிடும். இல்லையென்றால் நாலு பெரிய சூப்பர் மார்க்கெட் ஒரு தனிக் கூட்டம் ஆகிவிடும், மிச்சம் நானூறும் ஒரே மூட்டை.

மருமகன் பழக வேண்டுமென்றால் போர்ச்சுகல் மொத்த வியாபாரி ஒருவரின் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 440 வாடிக்கையாளர், ஆறு வகைச் சரக்கு, ஒவ்வொன்றிலும் ஆண்டுச் செலவு. அதிலும் இதே நோய். அளவைச் சரி செய்யாமல் போட்டால், பெரிதாகச் செலவு செய்கிறவர்கள் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். சரி செய்து பார்த்தால் ஓட்டல்காரர்கள் ஒரு பக்கமும், டிடர்ஜெண்டும் மளிகையும் பாலும் சேர்த்து வாங்கும் சில்லறைக் கடைகள் ஒரு பக்கமும் ஒதுங்குவது தெரியும்.

05-02-2025, மதியம், பத்து நிமிடம் கழித்து

'எல்லாக் கலத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தேன்' என்று ஏதோ சுத்தமான வேலை மாதிரி எழுதிவிட்டேன். அதுவும் ஒரு முடிவுதான். விற்பனையும் பில் எண்ணிக்கையும் ஒரே எடை என்று நான் சொல்லிவிட்டேன், கணினி ஆமாம் போட்டது. கடனைப் பற்றிய முடிவென்றால் பணம் வரும் நாளுக்கு இரட்டை எடை தந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு கேள்வி இருக்கிறது, நடையும் கடனும். இரண்டுக்கும் ஒரே கிளஸ்டரிங் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். அது தனிக் கதை, பிறகு.

08-02-2025

"எத்தனை கூட்டம் என்று எப்படி முடிவு செய்வது? முழங்கை முறை நம்பகமானதா?" என்று இன்னொருவர் நடுவில் கேட்டிருக்கிறார்.

கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், உள்ளே இருக்கும் சிதறல் எங்கே சட்டென்று குறைவதை நிறுத்துகிறது என்று பார்ப்பார்கள். வரைபடத்தில் அந்த இடம் மடக்கிய கை மாதிரி இருக்குமாம். என் வரைபடத்தில் முழங்கையும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. சறுக்குமரம் மாதிரி வழவழவென்று இறங்கியது. சில்லவெட் என்று இன்னொன்று இருக்கிறது, 1987-இல் ரூஸ்ஸோ கொடுத்தது. ஒரு கடை தன் கூட்டத்துக்கு எவ்வளவு பக்கம், அடுத்த கூட்டத்துக்கு எவ்வளவு தூரம் என்று மதிப்பெண் போடும். அது இரண்டு என்றது.

பாடப்புத்தகத்தில் எல்லாரும் போடும் ஐரிஸ் பூத் தரவு தெரியுமில்லையா, ஃபிஷர் 1936-இல் வெளியிட்டது. மூன்று இனம், இனத்துக்கு ஐம்பது பூ. அதிலேயே ஒரு இனம் தனியே நிற்கும், மற்ற இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில்லவெட்டைக் கேட்டால் இரண்டு என்று சொல்லும். தாவரவியல்காரர் மூன்று என்பார். யார் சரி என்பது எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்களிடம் மூன்று வண்டி. ஏழு என்று கணினி சொன்னால் மீதி நாலு வண்டியை யார் வாங்கித் தருவது? மூன்று என்று வைத்துக்கொண்டோம்.

11-02-2025

நடைக் கணக்கு. இதை ஆற அமர எழுத வேண்டும்.

விற்பனையை விட்டுவிட்டு, கடைகள் இருக்கும் இடத்தை வைத்து வண்டிக்குப் பகுதி பிரிக்கலாம் என்று தோன்றியது. லைன் போகிறவர்களிடம், அதாவது கடை கடையாகப் போய் வசூல் செய்யும் லைன்மேன்களிடம் சொல்லி ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று லொகேஷன் அனுப்ப வைத்தேன். அதைக் கே-மீன்ஸில் போட்டு சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளி வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. பிரிண்ட் போட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினேன்.

காலை ஏழு மணிக்கு டிரைவர் அண்ணன் சாவி எடுக்க வந்தார். டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சிவப்புக்கு நடுவில் விரலை வைத்து குறுக்காக ஒரு கோடு இழுத்தார். டீ ஈரம் காகிதத்தில் பட்டுச் சிவப்பு கலங்கியது.

"தம்பி, இந்தப் பக்கம் செல்லூரு. இந்தப் பக்கம் சிம்மக்கல். நடுவுல வைகை ஓடுதே, அது எங்க?"

வைகையை நான் போடவில்லை. கணினிக்கு அது தெரியாது. அட்சரேகை, தீர்க்கரேகைதான் தெரியும். அக்கரைக் கடை காக்காவுக்குப் பக்கம். அண்ணனுக்கு ஏ.வி. பாலம், கோரிப்பாளையம் சிக்னல், திரும்பி வர அதே சிக்னல். "தரைப்பாலத்துல விடலாம்ணே" என்று பார்த்தேன். "அணையில தண்ணி தொறந்தா அதையும் மூடிடுவாங்க, அன்னைக்கு என்ன செய்வ?" என்றார். அதோடு நிற்கவில்லை. நீலப் பகுதிக்கு நடுவில் ரயில் தண்டவாளம் போகிறது, பச்சையில் ஒரு தெரு காலையில் ஒருவழி என்று டீ முடிவதற்குள் படம் முழுக்கக் கோடு.

அதன் பிறகு தூரத்தை விட்டுவிட்டு, கடையிலிருந்து கடைக்கு வண்டி போகும் நேரத்தை வைத்தேன். இங்கே மருமகன் முட்டிக்கொள்வான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கே-மீன்ஸுக்கு இந்த நேர அட்டவணையைக் கொடுக்க முடியாது. அது நட்டநடுப் புள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும். பயண நேரத்துக்கு நட்டநடு எது, ஆற்று மணலா? இருக்கும் கடைகளில் ஒன்றையே நடுவாக எடுத்துக்கொள்ளும் கே-மெடாய்ட்ஸ் வேண்டும். இல்லையென்றால் பக்கத்துக் கடைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே மேலே போகும் படிநிலை முறை. நான் கே-மெடாய்ட்ஸ் எடுத்தேன். நடுவாக வருவது நிஜக் கடை என்பதால் டிரைவரிடம் "இந்தக் கடையைச் சுத்தி உள்ளது உங்க லைன்" என்று சொல்ல வசதி.

லண்டனில் 1854-இல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இறப்புகளைப் படத்தில் குறித்தது எல்லாரும் சொல்லும் கதை. அடுத்த வருடம் அவர் போட்ட படத்தை நான் சமீபத்தில்தான் கவனித்தேன். காலராவைப் பரப்பிய பிராட் தெருத் தண்ணீர்ப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் நடந்து போகும் தூரம் எங்கே சமமாகிறதோ அந்த இடங்களை இணைத்துக் கோடு போட்டிருக்கிறார். சந்து பொந்து வழியாக, காலால். நேர்கோட்டில் இல்லை. எங்கள் டிரைவர் அண்ணன் டீ கிளாஸோடு செய்ததும் அதுதான்.

12-02-2025

தரவு எடுக்கும்போது சித்திரை மாதத்தை ஒதுக்குங்கள் (உங்கள் ஊர்த் திருவிழா எதுவோ அது). அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் தல்லாகுளம் பக்கம் பெட்டிக்கடைகூடத் தண்ணீர் பாட்டிலை மூட்டை மூட்டையாக எடுக்கும். அந்த ஒரு வாரத்தால் ஒரு பெட்டிக்கடை என் பட்டியலில் சூப்பர் மார்க்கெட் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப ஏசி போட்டுறவா?" என்றார்.

17-02-2025

சரி, கடன் கதை.

நடைக்குப் போட்ட அதே கூட்டங்களைச் (வண்டிப் பகுதி இல்லை, விற்பனை, பில், பணம் வரும் நாள் வைத்துப் பிரித்தவை) சித்தப்பா கடனுக்கும் பார்த்தார். மூன்றாவது கூட்டத்தில் பணம் வர சராசரி 30 நாளுக்கு மேல். எங்கள் கெடு 14 நாள். "இந்தக் கூட்டம் முழுக்கக் கடனை நிறுத்து" என்றார். நானும் தலையாட்டினேன், வண்ணப்படம் என் கையில் இருந்ததே. அறுபத்துச் சொச்சம் கடைக்கு 'இனி ரொக்கம் மட்டும்' என்று தகவல் போனது.

இரண்டாவது நாள் ஒரு அக்கா போன் போட்டார். ஸ்கூல் வாசலில் சின்னக் கடை, பத்து வருட வாடிக்கை. "ஏப்பா, நான் என்னைக்குப் பாக்கி வச்சேன்? சரக்கு இறங்குன வாரமே எண்ணிக் கொடுத்துடுறேனே." நேரில் போனேன். பென்சில், கமர்கட், பத்து ரூபாய் பிஸ்கட், கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டு. ஒவ்வொரு பில்லுக்கும் கொடுத்த தேதியும் தொகையும் எழுதி, பக்கத்தில் எங்கள் லைன்மேன் கையெழுத்து. என் டேலியில் 38 நாள் என்று இருந்த பில்லுக்கு அந்த நோட்டில் 6 நாள்.

ஆபீஸ் வந்து பார்த்தேன். மூன்றாவது கூட்டத்தில் முக்கால்வாசி ஒரே ஆளுடைய லைன். அவர் வசூல் பணத்தை உடனே ஒப்படைப்பதில்லை. ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடைப் பில்லுக்குக் காட்டி, மாதக் கடைசியில் நேர் செய்வார். நாங்கள் பதிவு செய்தது கடைக்காரர் கொடுத்த தேதியை இல்லை, லைன்மேன் ஒப்படைத்த தேதியை. கணினி ஒழுங்காகத்தான் பிரித்தது. கடைகளைப் பிரிக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், அது எங்கள் ஆள் ஒருவரைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறது.

சித்தப்பா கடை கடையாகப் போய்ப் பேசினார். அந்த அக்கா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆனால் நாலு கடை வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டது, இன்னும் திரும்பவில்லை. லைன்மேன் இப்போது எங்களிடம் இல்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், அவர் பக்கத்திலும் ஒரு கஷ்டம் இருந்தது.

17-02-2025, இரவு

மேலே 'சராசரி 30 நாள்' என்று எழுதியதைப் பார்த்து ஒருவர் பிடித்துவிட்டார். நியாயம். பாதிப் பில்லை அன்றே கட்டி, மீதியை 60 நாள் இழுக்கும் கடைக்கும் சராசரி 30 வரும். எல்லாவற்றையும் சரியாக 30-இல் கட்டும் கடைக்கும் 30. இரண்டும் ஒரே கடையா? இப்போது இடைநிலை நாளையும் (வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் வருவது), எத்தனை பில் கெடு தாண்டியது என்பதையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

20-02-2025

"அப்படியானால் இந்த வேலையே வேஸ்ட் என்கிறீர்களா?" என்று கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இல்லை. மூன்று விஷயம் கையில் நின்றது.

வண்டிப் பகுதி நின்றது. ஆற்றைப் போட்ட பிறகு வந்தது, டிரைவர்கள் ஏற்றுக்கொண்டது. அது போதும்.

டீக்கடைக் கூட்டம் நின்றது. சின்னத் தொகை, நிறையப் பில், உடனே பணம். அவர்களுக்கு வாரம் இரண்டு நடையை ஒன்றாக்கி, நடுவில் சரக்கு தீர்ந்தால் போன் போடச் சொன்னோம். முதலில் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: எதிலும் சேராத கடைகள். கே-மீன்ஸ் எல்லாரையும் ஏதாவது ஒரு குடைக்குக் கீழே தள்ளிவிடும், மழை இல்லாவிட்டாலும். 1996-இல் வந்த டிபிஸ்கேன் என்ற முறை அப்படி இல்லை. நெருக்கமாக நிற்பவர்களை மட்டும் கூட்டமாக எடுத்துக்கொண்டு, ஒதுங்கி நிற்பவர்களுக்கு -1 என்று போட்டு விட்டுவிடும். எனக்கு ஒன்பது கடை -1 வந்தது. சித்தப்பா அந்தக் காகிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் ஒன்று நத்தம் ரோட்டில் ஒரு சின்னக் கடை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெரிய பில், நடுவில் ஒன்றுமே இல்லை. போய்ப் பார்த்தால் அவர் அங்கே சில்லறையே விற்பதில்லை. வாங்கிய சரக்கை வேனில் ஏற்றி மலையடிவார ஊர்களுக்குக் கொண்டு போகிறார். இப்போது அவருக்கு மொத்த விலை, தனிக் கெடு. ஸ்னோ கதையிலும் இப்படி ஒருவர் உண்டு. பிராட் தெருவுக்கு வெகு தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை காலராவில் இறந்தார். விசாரித்தால், அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் ஆள் வைத்து எடுத்து வரச் சொல்லிக் குடித்தவர்.

(டிபிஸ்கேனில் 'எவ்வளவு நெருக்கம்' என்ற எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் ஒன்பது நாற்பதாகிவிடும். நான் சித்தப்பாவின் சட்டைப் பை கொள்ளும் அளவுக்கு வைத்தேன்.)

21-02-2025

எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரே முறை எது என்று தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஜான் கிளைன்பெர்க் என்ற கணினி அறிவியலாளர் 2002-இலேயே நிரூபித்துவிட்டார்: ஒரு பிரிக்கும் முறையிடம் நாம் நியாயமாக எதிர்பார்க்கும் மூன்று குணம் எழுதினால், மூன்றும் ஒன்றாக இருக்கும் முறை இருக்கவே முடியாது. எனக்கு அந்த நிரூபணம் முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். படித்ததும் நிம்மதியாக இருந்தது.

நான் செய்யும் சோதனை எளிது. ஒரு மாதத் தரவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன். எந்தக் கடை கூட்டம் மாறுகிறதோ அதற்குப் பென்சிலில் புள்ளி. இப்படி ஆறு தடவை. மூன்று புள்ளிக்கு மேல் வாங்கிய கடைகளுக்குக் கணினி சொல்வதைக் கேட்பதில்லை, லைன் போகிறவரைக் கேட்போம். 05-02 அன்று நான் எழுதிய பலகைச் சமாசாரத்தை மறந்துவிட்டு இதைச் செய்தால் எல்லாக் கடையும் புள்ளி வாங்கும், ஜாக்கிரதை.

26-02-2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "மருமகன் முப்பது முறை ஓட்டினான். கூட்டம் இப்போது மாறவில்லை. உங்கள் லைன்மேன் கதையைப் படித்துவிட்டுப் பணம் வந்த தேதிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தோம். 340 கடையும் திங்கட்கிழமைதான் பணம் கட்டியிருக்கிறது. ஒரு செவ்வாய்கூட இல்லை."

உங்கள் கணக்குப்பிள்ளை திங்கட்கிழமைதான் வருகிறாரா? லைன்மேன் கையில் இருக்கும் வசூல் புத்தகத்தை வாங்குங்கள். ஒரு ஐம்பது கடைக்காவது அதிலுள்ள தேதியைக் கையால் ஏற்றிவிட்டு, பிறகு மருமகனைக் கூப்பிடுங்கள். அதுவரை யாருக்கும் 'ரொக்கம் மட்டும்' என்று சொல்லிவிடாதீர்கள்.